ஏழிலிருந்து மூன்றுக்கு

இரண்டாவது வரியிலேயே பாண்டிச்செல்விக்குத் தெரிந்துவிட்டது, அது தன்னுடைய கட்டுரை. சனிக்கிழமை மதியம் இரண்டேகால். மூன்றாம் வருஷ நர்சிங் வகுப்பு. வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக டீச்சரான அவள், முன்னால் நாற்பது தலைகள், மேலே எந்த நேரமும் கழன்று விழப்போவதாகப் பயமுறுத்திக்கொண்டு ஏழு வருஷமாக விழாமலே சுற்றுகிற மின்விசிறி, மெஸ்ஸிலிருந்து கூடவே வந்துவிட்ட சாம்பார் வாசனை. போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சங்கவி, ஆங்கிலத்தில் இருந்த கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். "சிசேரியன் ஆன அறுபது தாய்மார்கள். அதுல முப்பது பேருக்கு இருபது நிமிஷம் பாதத்தை நீவி விட்டிருக்காங்க. மிச்சம் முப்பது பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்." அறுபது, முப்பது, இருபது. இந்த மூன்று எண்ணும் சேர்ந்து வருகிற இடம் ஒன்றுதான் உண்டு என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் மனசு சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தது, உலகத்தில் எத்தனையோ நர்ஸ்கள் எத்தனையோ பாதங்களை நீவியிருப்பார்கள், கேரளாவில் நீவியிருப்பார்கள், அசாமில் நீவியிருப்பார்கள், எல்லாரும் முப்பது முப்பதாகத்தான் பிரித்திருப்பார்கள். அதற்குள் சங்கவி அடுத்த படத்தைத் தட்டிவிட்டாள், டேபிள் வந்து விழுந்தது. நீவுவதற்கு முன்னால் வலி பத்துக்கு ஏழு, நீவிய பிறகு மூன்று. மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், இது தற்செயலாகக் குறைந்தது இல்லை என்று கணக்கு சொல்கிற குறி. அந்த நட்சத்திரத்தை வைத்தது அவள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எம்.எஸ்சி. படிக்கும்போது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து. மாட்டிக்கொண்டோம் என்று தோன்றியது. கூடவே, வெட்கமில்லாமல், உச்சியும் குளிர்ந்தது.

பேச முடியாது. பேசக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். வாரம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை அலசுகிற இந்த ஜர்னல் கிளப்பில் மாணவிகள்தான் கட்டுரையைத் தேர்ந்தெடுப்பார்கள், மாணவிகள்தான் எடுத்துச் சொல்வார்கள், மாணவிகள்தான் அதைப் பிரித்து மேய்வார்கள். டீச்சருக்குக் கடைசி பெஞ்ச், டீச்சர் கைக்குப் பிரதி கிடையாது, மூன்று மணிக்குக் கடைசிக் கேள்விக்குக் கை தூக்கி முடியும்வரை டீச்சர் வாயைத் திறக்கக்கூடாது. இன்னொரு சட்டமும் அவள் போட்டதுதான். கட்டுரையைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளை, பிரதி எடுப்பதற்கு முன்னால் எழுதியவர் பெயர், கல்லூரி, ஊர், வருஷம் எல்லாவற்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட வேண்டும். வெள்ளைப் பிளாஸ்திரி, வார்டில் ஊசிக் குழாயை ஒட்டுகிற அதே பிளாஸ்திரி. ஆரம்பத்தில் பெயரைப் பார்த்தே பிள்ளைகள் கும்பிட்டுவிட்டார்கள், "பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருக்காரு மேடம், அதுல போய் தப்பு இருக்குமா" என்று. அதனால்தான் பிளாஸ்திரி. பெயரைப் பார்க்காதே, செய்ததைப் பார். அன்றைக்கு அதைச் சொல்லும்போது எவ்வளவு கம்பீரமாக இருந்தது. இந்த வாரம் தேர்ந்தெடுக்கும் முறை ரோஸ்லினுடையது. சுவரோரம் மூன்றாவது பெஞ்ச். எப்போதும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற பெண், இன்றைக்குக் கழுத்தில் சுளுக்கு விழுந்தவள் மாதிரி நேராகவே உட்கார்ந்திருந்தாள். ஆக, தெரியும். அவளுக்கு மட்டும் தெரியும், அந்தப் பிளாஸ்திரிக்கு அடியில் யார் பெயர் என்று. சங்கவிக்குத் தெரியாது, சங்கவி முகத்தில் ஒன்றுமே ஒளிந்திருக்காது, பொய் சொன்னால் காது சிவக்கும் அவளுக்கு. ரோஸ்லின் எதற்காக இதைப் போய் எடுத்தாள்? மேடம் சந்தோஷப்படுவார்கள் என்றா, மேடத்துக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்றா? நூலகத்தில் அந்தப் பத்திரிகையின் பழைய தொகுப்பு மேல் அலமாரியில் இருக்கும், நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். ஏறியிருக்கிறாள். எதற்காகவோ மெனக்கெட்டு ஏறியிருக்கிறாள்.

கட்டுரை வந்த அந்த இதழில் ஒரு பிரதி அவள் வீட்டிலும் இருக்கிறது. வீட்டில் என்றால் பூஜை அலமாரியில். அப்பா வைத்தது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே தேய்ந்தவர், ஆங்கிலம் ஊர்ப்பெயர் படிக்கிற அளவுக்குத்தான் வரும். தபாலில் வந்த பத்திரிகையைக் கையில் வாங்கி, மகள் பெயர் இருக்கிற பக்கத்தைக் கண்டுபிடித்து, எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் படித்தார், பி, ஏ, என், டி, பிறகு அட்டையில் சந்தனம் வைத்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டார். விருந்தாளி யார் வந்தாலும், காபி வருவதற்குள் அந்தப் பக்கம் பேச்சு போய்விடும். "நம்ம பாப்பா எழுதுனது. வைத்தியத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. மருந்தே இல்லாம வலி போயிரும்." கண்டுபிடிச்சிருக்கு. அவள் திருத்தியதில்லை. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள், காபி பொங்கிவிடும். அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது என்று சொல்ல முடியாது, ஆனால் நேர்முகத் தேர்வில் ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் புருவத்தைத் தூக்கி "குட்" என்றார். அந்தக் குட் பன்னிரண்டு வருஷமாகக் காதில் இருக்கிறது. இப்போது சங்கவி போர்டில் இரண்டு கட்டம் போட்டாள். ஒன்றின் தலையில் "பலம்" என்று எழுதினாள், இன்னொன்றின் தலையில் "குறை" என்று எழுதினாள். குறைக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டாளோ? இல்லை, சமமாகத்தான் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் திரை ஆடியது, அதனால் டேபிளும் ஆடியது.

முதலில் பலம். "செலவு இல்லாத முறை. நம்ம வார்டுலயே செய்யலாம். கருவி வேண்டாம், டாக்டர் கையெழுத்து வேண்டாம், ஒரு நர்ஸ் தானா முடிவு பண்ணிச் செய்யக்கூடியது. இது எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள் சங்கவி. முன் பெஞ்சுகள் தலையாட்டின. பாண்டிச்செல்விக்குக் காது வரைக்கும் சூடேறியது, பேனாவை மூடித் திறந்து மூடினாள், பெருமைதான், அதை வேறு பெயர் சொல்லி அழைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு நர்ஸ் தானாக முடிவு பண்ணி. அதற்காகத்தானே அந்தத் தலைப்பையே எடுத்தாள். அதைச் சொல்கிற வாயைப் பார், முதல் வருஷத்தில் எப்படி இருந்த வாய். வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிற அம்மாவுக்குப் பிறந்த பெண், தமிழ் வழியில் படித்து வந்தவள், எழுந்து பெயர் சொல்லச் சொன்னால் டெஸ்கைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். முதன்முதலில் அவள் ஜர்னல் கிளப்பில் பேசினதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, ஒப்பித்தாள், முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் ஒப்பித்துவிட்டு வியர்த்து உட்கார்ந்தாள். அன்றைக்கு எல்லாருமே ஒப்பித்தார்கள். துணை முதல்வர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டு நோட்டு முடிக்காம கெடக்கு, இந்தப் பிள்ளைகளை வச்சு என்னத்த ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நான்கைந்து மாதம் கடைசி பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எந்த நைட் டூட்டியையும்விடக் கஷ்டமான டூட்டி. பதில் நாக்கு நுனியில் நிற்கும், பிள்ளைகள் முட்டிக்கொண்டு நிற்பார்கள், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும் என்றிருக்கும், கொடுக்கக்கூடாது. பிறகு ஒருநாள், யாரோ, அதுவும் சங்கவிதான், "இதுல எத்தனை பேரு பாதியில விட்டுப் போனாங்கன்னு போடவே இல்லையே" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். வகுப்பு அப்படியே நின்றது. அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போகிற வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினாள், என்ன விசேஷம் என்று கணவர் கேட்டதற்குச் சும்மா என்றாள்.

இப்போது குறை. "முதல் குறை," சங்கவி சாக்பீஸை உடைத்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். "முப்பது பேரு இந்தப் பக்கம், முப்பது பேரு அந்தப் பக்கம்னு எப்படிப் பிரிச்சாங்க? சீட்டுக் குலுக்கினாங்களா? எழுதல." சீட்டுக் குலுக்கவில்லை. ஒன்றிலிருந்து முப்பது வரை படுக்கைக்கு நீவுவது, அடுத்த ஹாலில் நீவாமல் விடுவது, அப்படித்தான் பிரித்தாள். ஏனென்றால் அந்த ஹாலுக்கும் இந்த ஹாலுக்கும் நடுவில் நூறு அடி, பகலில் கிளாஸ், கையில் ஒரே ஒரு மாதம், ஒன்றரை வயசுக் குழந்தை வீட்டில், உனக்கென்னடி தெரியும். உள்ளே ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள், வெளியே இருந்தவள் பேனாவை மூடித் திறந்தாள். "ரெண்டாவது குறை. நீவி விட்டது யாரு? ஆராய்ச்சி செஞ்சவங்க. வலி எவ்வளவுன்னு கேட்டது யாரு? அவங்களே. ஒரே ஆளு." பின்னாலிருந்து ஒரு பிள்ளை, "சமைச்சவங்களே வந்து நல்லாருக்கான்னு கேட்டா நல்லாருக்குன்னுதான சொல்லுவோம்" என்றது. வகுப்பு சிரித்தது. பாண்டிச்செல்விக்கும் உதடு கோணியது, நல்ல வரி, இதையே வேறு யார் கட்டுரைக்காவது சொல்லியிருந்தால் டயரியில் எழுதி வைத்திருப்பாள். சரி, இவ்வளவுதான். சீட்டுக் குலுக்காதது, ஒரே ஆள் கேட்டது. இது எல்லார் கட்டுரையிலும் இருக்கிற குறை, பாடப் புத்தகத்துக் குறை, இதற்கெல்லாம் ஒருத்தருக்கும் மானம் போகாது. மூச்சை விட்டாள். இத்தோடு விட்டுவிடும்மா, சங்கவி, மணி இரண்டு நாற்பது, கடைசிக் கேள்விக்குப் போ. ஆனால் அவள் நினைப்பு சங்கவி போகிற பக்கம் போகாமல், வேண்டாம் வேண்டாம் என்கிற பக்கமே போனது.

பதினோராம் படுக்கை. ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கம், முதல் பிரசவம், சிசேரியன் ஆகி இரண்டாம் நாள், குழந்தை மூன்று கிலோ நூறு. வலி எவ்வளவும்மா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லு என்றதற்கு யோசித்து எட்டு என்றாள். பாண்டிச்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலடியில் உட்கார்ந்து, தேங்காயெண்ணெய் தொட்டுப் பாதத்தைப் பிடித்ததும், ஒச்சம்மா மின்சாரம் பட்டதுபோலக் காலை இழுத்தாள். இழுத்த வேகத்தில் தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுண்டிவிட்டது. "ஐயையோ, என்ன நர்சம்மா, நீங்க போயி என் காலைப் புடிச்சுக்கிட்டு. எனக்குப் பாவம் சேரும், வேணாம்." இல்லம்மா, இது வைத்தியம், இருபது நிமிஷம் பொறுத்துக்கோ. பொறுத்துக்கொண்டாள். உடம்பு முழுக்க விறைத்து, கண்ணை மோட்டுவளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கட்டைவிரல் உள்ளங்காலில் அழுந்தும்போதும் கூசிக்கொண்டு. பக்கத்துப் படுக்கையின் மாமியார் ஒருத்தி, "படிச்ச புள்ள, கால் புடிக்குது பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது, அதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். இப்ப வலி எவ்வளவு இருக்கும்மா? "இல்லைங்க, போயிருச்சுங்க, சுத்தமாப் போயிருச்சு. உங்களுக்குக் கை வலிக்கும், நீங்க எந்திரிங்க." சுத்தமாகவா, நம்பர் சொல்லும்மா. "ரெண்டுன்னு போட்டுக்கங்க." போட்டுக்கொண்டாள். எட்டிலிருந்து இரண்டு. போட்டுவிட்டுத் திரும்பும்போது பார்த்தாள், ஒச்சம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எழுதினது எழுதினதாகவே இருந்தது, ஏனென்றால் இருபது நிமிஷத்துக்கு முன்னால் எட்டு, இப்போது இரண்டு, அதைவிட நல்ல எண் அந்த மாதம் முழுக்க கிடைக்கவில்லை, வராந்தாவில் நடந்து போகும்போது பாட்டு முணுமுணுத்தாள். வராந்தா, நர்ஸ் மேசை, அதற்கு மேல் இந்த நினைப்பு ஒருநாளும் போனதில்லை. மேசையோடு திரும்பி வந்துவிடும்.

"மூணாவது ஒண்ணு இருக்கு. இது பேப்பர்ல இல்ல. இது எங்களுக்கே தற்செயலா தெரிஞ்சது" என்று சங்கவி சொன்னபோது பாண்டிச்செல்வியின் முதுகு தானாக பெஞ்சை விட்டு விலகியது. "வியாழக்கிழமை ஹாஸ்டல்ல, சும்மா, இதைச் செஞ்சுதான் பாப்பமேன்னு ஆரம்பிச்சோம். எட்டு பேரு. முதல் வருஷப் பிள்ளைங்க எட்டு பேரு, வார்டுல நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு சொன்னவங்க, அவங்களைப் படுக்க வச்சு நாங்க சீனியர் நீவி விட்டோம். கடிகாரம் வச்சோம். இருபது நிமிஷம். ஒரு ஆளுகூட நாலு நிமிஷத்துக்கு மேல தாங்கல." வகுப்பில் குபீரென்று சிரிப்பு. சங்கவியும் சிரித்தாள். "காலை இழுத்துக்கிறாங்க. அக்கா விடுங்கக்கா, சரியாயிருச்சுக்கா, சத்தியமா வலியே இல்லக்கான்னு. ரெண்டு பேரு எந்திரிச்சே ஓடிட்டாங்க. அப்புறம் மெஸ்ஸுல வச்சு ஒரு பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லுடின்னு கேட்டா, வலி அப்படியேதான் இருந்துச்சு, நீங்க என் காலைத் தொட்டீங்களா, அதைத் தாங்க முடியல, அதான் சொல்லிட்டேன்னு சொல்லுது. அப்ப பாருங்க, அது ஹாஸ்டல் பிள்ளை, நாங்க ரெண்டு வயசு பெரியவங்க, அவ்வளவுதான். வார்டுல படுத்திருக்கிறது யாரு? நம்மளை சிஸ்டர், நர்சம்மான்னு கூப்பிடுறவங்க. வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு ஆளு வந்து அவங்க காலைப் புடிச்சா, வலி குறைஞ்சுதுன்னு சொன்னாத்தான விடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா? ஏழு மூணா ஆனது வலி இல்ல. கூச்சம்." அவள் திரும்பி, குறைக் கட்டத்தில் மூன்றாவது வரியாக எழுதினாள். சாக்பீஸ் கிறீச்சிட்டது. சிரிப்பு அடங்கிவிட்டது. பாண்டிச்செல்விக்கு மூக்கு உடைந்தது, சந்தேகமே இல்லை, நாற்பது பேர் நடுவில் சத்தம் கேட்காமல் உடைந்தது, ஆனால் உடைந்த இடத்தில் வலியைத் தேடினால் அங்கே உட்கார்ந்திருந்தது வேறு என்னவோ. எம்.எஸ்சி.யில் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு கண்டுபிடிக்காதது. பத்திரிகைக்கு அனுப்பி, இரண்டு நிபுணர்கள் ஆறு மாதம் வைத்திருந்து படித்து, காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தார்களே, அவர்கள் கண்டுபிடிக்காதது. எட்டு ஜூனியரையும் ஒரு தேங்காயெண்ணெய்ப் பாட்டிலையும் வைத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமையில் கண்டுபிடித்துவிட்டார்கள். கழுதைகள். என் பிள்ளைகள். கையைத் தட்ட வேண்டும்போல இருந்தது, தட்டினால் அதுவும் பேச்சுக் கணக்கில் சேருமா என்று யோசித்தாள். ரோஸ்லின் கழுத்து இன்னும் திரும்பவில்லை, பின்னங்கழுத்து வியர்த்திருந்தது, பாவம், இவ்வளவு தூரம் போகும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை நம் வார்டில் இதைச் செய்வோமா, மாட்டோமா, கை தூக்கு. அதைக் கேட்டுவிட்டால் முடிந்தது. சங்கவி கேட்கப் போனாள், அதற்குள் முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "இதை எழுதினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சும் மறைச்சிட்டாங்களோ?" என்றது. பிளாஸ்திரி போட்ட பெயரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், அதுதான் சட்டம். ரோஸ்லின் தலை குனிந்தது. பாண்டிச்செல்வி சங்கவியின் காதைப் பார்த்தாள், சிவக்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரியாது. "அப்படிச் சொல்லக்கூடாதுடி," என்றாள் சங்கவி, நிதானமாக, சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே. "ஒரு நர்ஸ் அது. இருபது நிமிஷம் வீதம் முப்பது பேரு காலடியில உக்காந்திருக்காங்க. அவ்வளவு செஞ்சவங்க, தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாங்க. எழுதலைன்னா தெரியலைன்னுதான் நாம எடுத்துக்கணும்." நியாயமான பேச்சு. பாண்டிச்செல்வி சொல்லிக்கொடுத்த நியாயம்தான், ஆதாரம் இல்லாமல் ஆளைக் குற்றம் சொல்லாதே என்று. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாங்க. இதற்கு அந்தப் பெண் வெளுத்து வாங்கியிருக்கலாம். சீட்டுக் குலுக்காததற்கும் ஒரே ஆள் கேட்டதற்கும் பதில் இருந்தது, இதற்குப் பதில் இல்லை. சும்மா இருந்தால் போதும், மணி இரண்டு ஐம்பத்தைந்து, ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் சட்டப்படியும் சரி, பூஜை அலமாரியும் அப்படியே இருக்கும், ரோஸ்லின் வாயே திறக்க மாட்டாள், இந்தப் பெண்ணும் வாழ்நாள் முழுக்க அந்த நர்ஸ் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு இருப்பாள், ஆனால் அது பொய், தான் வளர்த்த பிள்ளை முதல் தடவையாக ஒரு தப்பான முடிவை எழுதிக்கொண்டு போகிறது, அதுவும் தன்னை நம்பி. பெஞ்ச் கிறீச்சிட்டதைக் கேட்டுத்தான், எழுந்து நின்றுவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. நாற்பது தலைகளும் திரும்பின. சட்டத்தைப் போட்டவள் சட்டத்தை உடைக்கிறாள் என்று இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"அது நான் எழுதினது," என்றாள் பாண்டிச்செல்வி. குரல் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். ரோஸ்லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "தெரிஞ்சுதான் எழுதல. காலை இழுத்துக்கிட்டாங்க. நிறைய பேரு. பதினோராம் பெட்டுல ஒரு பொண்ணு, ஒச்சம்மான்னு, ரெண்டுன்னு போட்டுக்கங்கன்னு சொல்லிட்டுச் சேலையைக் கடிச்சுக்கிட்டா. நான் பாத்தேன். ரெண்டுன்னு போட்டுட்டேன்." சங்கவியின் காது இப்போது சிவந்தது, கழுத்து வரை சிவந்தது, இவ்வளவு நேரம் போர்டில் கிழித்துத் தொங்கவிட்டது யாரை என்று அவளுக்கு உறைத்துக்கொண்டிருந்தது, சாக்பீஸைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். இப்போது "ஐயோ மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்பாள், அழிப்பானைத் தேடுவாள், அவ்வளவுதான், மூன்று வருஷம் போச்சு என்று பாண்டிச்செல்வி நினைத்தாள், தேடாதே, தயவுசெய்து தேடாதே என்று கும்பிடாத குறையாக நினைத்தாள். சங்கவி அழிப்பானைத் தேடவில்லை. "எத்தனை பேரு மேடம், அப்படி இழுத்தது?" என்றாள். "எண்ணல." சங்கவி போர்டில் எழுதினாள், காலை இழுத்தவர்கள், எண்ணப்படவில்லை. திரும்பினாள். இன்னொன்றையும் கேட்டுவிட்டாள். "அப்ப, ரெண்டுன்னு போட்ட அந்த அக்காவுக்கு, அன்னைக்கு வலிக்கு என்ன மேடம் குடுத்தாங்க?" வராந்தா. நர்ஸ் மேசை. டூட்டி சிஸ்டர் ஊசி மருந்தை எடுத்து ட்ரேயில் வைத்துக்கொண்டிருந்தார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்த பாண்டிச்செல்வி, பதினொண்ணுக்கு வேண்டாம் சிஸ்டர், இப்ப வலி ரெண்டுதான், நானே கேட்டேன் என்றாள், பெருமையாகச் சொன்னாள், சிஸ்டர் அந்த ஊசியை எடுத்து ஓரமாக வைத்தார். பன்னிரண்டு வருஷமாக ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. கைடு கேட்டது நட்சத்திரத்தை, நிபுணர்கள் கேட்டது காற்புள்ளியை, அவளே அவளைக் கேட்டதில்லை. "ஒண்ணும் குடுக்கல," என்றாள். "குடுக்க இருந்த ஊசியையும் நான்தான் வேண்டாம்னு சொன்னேன்." கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை, பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும். சங்கவி பரவாயில்லை மேடம் என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. திரும்பி நின்று, எழுத்து ஒவ்வொன்றும் கடைசி பெஞ்ச் வரை தெரிகிற மாதிரி, அதையும் எழுதினாள், நான்காவது குறை, அந்தத் தாய்க்கு வலி மருந்து நிறுத்தப்பட்டது. பிறகு வகுப்பைப் பார்த்து, "மேடம், உக்காருங்க. இன்னும் பேசாதவங்க இருக்காங்க. யாரு அடுத்து?" என்றாள். பாண்டிச்செல்வி உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது என் மாணவி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். சொல்வதற்கு ஆளில்லை, அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது ஏற்கெனவே தெரியும்.